மரவட்டையோட ஏழாவது வளையத்துல என்ன இருக்கு?

வணக்கம் மக்களே! புது மரவட்டை இனம்னு செய்தி வந்தாலே, கால் எத்தனைன்னுதான் முதல்ல கேக்குறாங்க. 2021ல ஆஸ்திரேலியாவுல 1306 காலோட ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்களே, அது உண்மையிலேயே அதிசயம். ஆனா பல வகைகள்ல வளர வளரக் காலும் கூடிட்டே போகும். அதனால அதை மட்டும் வச்சு இனம் பிரிக்க முடியாது.

பாக்க வேண்டியது ஆணோட உடம்புல தலைப்பக்கத்துலேருந்து ஏழாவது வளையம். பெரும்பாலான மரவட்டைகள்ல அங்க இருக்குற கால் நடக்குறதுக்கு இல்ல, இனச்சேர்க்கைக்காகவே உருமாறினது. கோனோபாட்னு சொல்வாங்க. கொக்கி, முள்ளு, முறுக்குன்னு இனத்துக்கு இனம் வடிவம் மாறும். வெளியில அச்சு அசலா ஒண்ணா இருக்குற ரெண்டு மரவட்டைகூட வேற வேற இனம்னா இங்க தெரிஞ்சுடும். அதனாலதான் நீங்க மேலேருந்து எடுத்து அனுப்புற போட்டோவுக்கு என்னால பேரு சொல்ல முடியறதில்ல.

இதைப் படம் எடுக்குறது லேசான வேலை இல்லங்க. மைக்ராஸ்கோப்ல கொக்கியோட நுனி தெளிவா விழுந்தா அடிப்பக்கம் மங்கிடும். அதனால ஃபோகஸை இம்மி இம்மியா நகர்த்தி வரிசையா எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேர்ப்பாங்க. அமெரிக்காவோட வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல மரவட்டை ஆராய்ச்சியாளர் பால் மாரெக் புற ஊதா ஒளியிலயும் எடுக்குறாரு. சில வகைகளோட உடம்பு அந்த ஒளி பட்டா மிளிரும். பழுப்போட பழுப்பா கரைஞ்சு கிடந்த விளிம்பு அப்ப பளிச்சுன்னு தனியாத் தெரியும். 2022ல அவரும் டெரெக் ஹென்னனும் இன்னொருத்தரும் சேர்ந்து கிழக்கு அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைப் பகுதியிலேருந்து 17 புது இனங்களை விவரிச்சாங்க. அதுக்காக 1800க்கும் மேல மாதிரிகளைப் பாத்திருக்காங்க! அதுல ஒண்ணுக்கு டெய்லர் ஸ்விஃப்ட் பேரு, நன்னாரியா ஸ்விஃப்டே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2015ல வந்த ஒம்மட்டோயூலஸ் அவதார். ஸ்பெயின்ல கிடைச்ச மரவட்டை. உடம்பை அறுக்காம மைக்ரோ சிடி ஸ்கேன் (எக்ஸ்ரேவால நுணுக்கமா உள்ளேயும் படம் எடுக்குற முறை) பண்ணி, முப்பரிமாண உருவத்தையே இணையத்துல போட்டுட்டாங்க. எந்த ஊர்ல இருந்தாலும் சுத்திச் சுத்திப் பாக்கலாம்.

நமக்கு இது ஏன் முக்கியம்னா, சுவிட்சர்லாந்து விலங்கியல் ஆய்வாளர் ஜோஹன் கார்ல் 1932ல தென்னிந்தியா, இலங்கை மரவட்டைகளைப் பத்தி எழுதினாரு. அவரு சேகரிச்ச மாதிரிகள் ஜெனீவா அருங்காட்சியகத்துல இருக்கு. அதையெல்லாம் இப்படி ஸ்கேன் பண்ணிப் போட்டா, பழனி மலையில கிடைக்கிற மரவட்டை புதுசா பழசான்னு நம்ம பசங்க இங்கேருந்தே ஒப்பிட்டுச் சொல்லிடுவாங்க. அது சீக்கிரம் நடக்கணுங்க.