கேம்பஸ் வாசலைத் தாண்டிப் போன வகுப்பு: வால்டர் ராட்னி

வணக்கம். பல்கலைக்கழகங்களில் நடக்கும் பொது உரைகளை யூடியூபில் விழுந்து விழுந்து பார்க்கிற ஆள் நான். நிறவெறி, சாதி, பாலஸ்தீனம், காலநிலை என்று தலைப்பு எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். மேடை, தண்ணீர் பாட்டில், நீளமான அறிமுக உரை, கடைசியில் அவசர அவசரமாக நாலு கேள்வி. போஸ்டரில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருப்பார்கள். வருவது அதே மாணவர்கள், அதே பேராசிரியர்கள். வாசலில் காவலுக்கு நிற்பவர்கூட உள்ளே வந்து உட்கார மாட்டார்.

அவரையும் உட்கார வைத்துப் பேசினால் என்ன ஆகும்? கரீபியன் தீவு நாடான ஜமைக்காவில் ஒருவர் அதைச் செய்தார். பத்தே மாதத்தில் அந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர்தான் வால்டர் ராட்னி.

1942இல், தென் அமெரிக்காவில் இருக்கிற கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். அப்பா தையல்காரர். லண்டனில் முனைவர் பட்டம் வாங்கும்போது வயது 24. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையும் அடிமை வணிகமும்தான் ஆய்வுப் பொருள். 1968 ஜனவரியில், தான் முன்பு படித்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்துக்கே விரிவுரையாளராக வந்தார். கிங்ஸ்டன் நகரத்தின் ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற அழகான வளாகம் அது.

அங்கே ஆப்பிரிக்க வரலாறு பற்றிப் பொது உரைகள் கொடுத்தார். வெளியாட்களும் வந்து கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அவரே கிளம்பிப் போனார். கிங்ஸ்டனின் குடிசைப் பகுதிகள், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த எண்ணெய் டிரம், ரஸ்தஃபாரிகள், அதாவது ஆப்பிரிக்காவைத் தாய்மண்ணாகக் கொண்டாடும் ஜமைக்காவின் சமய இயக்கத்தினர், கூடுகிற முற்றங்கள். இப்படி உட்கார்ந்து பேசுவதை அவர்கள் ‘கிரவுண்டிங்’ என்பார்கள். அதில் பேராசிரியர் மட்டும் பேச முடியாது. எதிரில் இருப்பவரும் பேசுவார், மறுப்பார், பைபிளிலிருந்து எடுத்துக் காட்டுவார். அந்த மனிதர்களிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம் என்று ராட்னியே பின்னால் எழுதினார். சும்மா பணிவுக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, ஆப்பிரிக்க வரலாறு பேசினால் ஒரு அரசுக்கு என்ன வந்தது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜமைக்கா 1962இல் சுதந்திரம் வாங்கியது. மக்களில் பெரும்பான்மை கறுப்பர்கள். ஆனால் சொத்தும் வியாபாரமும் பெரும்பாலும் வேறு கைகளில். ‘எங்கள் நாட்டில் நிறப் பிரச்சினையே இல்லை, எல்லாரும் ஒன்று’ என்பது அரசு சொல்லிக்கொண்ட கதை. ராட்னி அந்தக் கதையில் கைவைத்தார். எத்தியோப்பியா, பெனின் என்ற பழைய ஆப்பிரிக்க அரசுகளைப் பற்றிப் பேசிவிட்டு, அதே மூச்சில், உன் தெருவில் ஏன் வேலை இல்லை என்று கேட்டார். அதே 1968இல்தான் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் போன்றவர்களின் நூல்களை அந்த அரசு தடை செய்தது. புத்தகத்தைத் தடை செய்யலாம். தெருவில் நடந்து போகிற ஆளை என்ன செய்வது?

அக்டோபரில் வாய்ப்பு கிடைத்தது. கனடாவின் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டுக்கு ராட்னி போயிருந்தார். 15ஆம் தேதி திரும்பி வந்தவரை விமானத்திலிருந்து இறங்கவே விடவில்லை. பிரதமர் ஹியூ ஷீரரின் அரசு அவரை நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றது.

மறுநாள் மாணவர்கள் சிவப்பு கவுன் அணிந்து ஊர்வலம் போனார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. வழியில் நகரத்து ஏழை இளைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். பஸ்கள் எரிந்தன, கடைகள் உடைந்தன, உயிர்களும் போயின. வளாகத்தைப் போலீசும் ராணுவமும் சூழ்ந்துகொண்டன. பொதுவாக இதை ‘மாணவர் போராட்டம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாணவர்கள் கேட்டது ஆசிரியரைத் திரும்ப விடு என்பது. தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வேறு கணக்கு, பழைய கணக்கு. ஒரே சாலையில் இரண்டு கோபங்கள் போயின.

அந்தப் பேச்சுகள் இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பதே ஒரு தனிக் கதை. லண்டனில் இருந்த கயானாக்காரர்களான ஜெசிகா, எரிக் ஹன்ட்லி தம்பதியர் அவற்றை அச்சில் கொண்டுவரப் ‘போகல் லூவெர்ச்சர்’ என்று ஒரு பதிப்பகமே தொடங்கினார்கள். 1969இல் ‘தி கிரவுண்டிங்ஸ் வித் மை பிரதர்ஸ்’ வந்தது. என் சகோதரர்களோடு உட்கார்ந்து பேசியவை என்று பொருள். பெண்கள் அந்தத் தலைப்பிலும் இல்லை, உள்ளேயும் அதிகம் இல்லை. அந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம். அங்கிருந்தபோதுதான், 1972இல், ஐரோப்பா எப்படி ஆப்பிரிக்காவை வளரவிடாமல் பின்னுக்குத் தள்ளியது என்று வாதிடும் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது.

1974இல் சொந்த ஊருக்குத் திரும்பினார். கயானா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்துவிட்டு அதை ரத்தும் செய்தது. பிரதமர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமின் ஆட்சிக் காலம் அது. பதவி போனால் வகுப்பு நின்றுவிடுமா? கயானாவில் நிறைய வீடுகள் தூண்கள் மேல் நிற்கும், கீழே நிழலான காலி இடம். அங்கே கூட்டம் போட்டுப் பேசினார்.

இந்த இடத்தில் நம் ஆட்களும் வருகிறார்கள். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கயானாவுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து, ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து. அங்கே இன்றும் மாரியம்மன் கோயில்கள் உண்டு. இந்திய வம்சாவளியினர் ஒரு கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளியினர் இன்னொரு கட்சி என்று நாடு பிரிந்து கிடந்தது. பெரும்பாலும் இந்தியரான கரும்புத் தொழிலாளியிடமும், பெரும்பாலும் ஆப்பிரிக்கரான பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கத் தொழிலாளியிடமும் ஒரே பேச்சைக் கொண்டுபோனார் ராட்னி. பர்ன்ஹாமுக்கு இதைவிடப் பயமான விஷயம் இருந்திருக்க முடியாது.

1980 ஜூன் 13. வாக்கி டாக்கிக்குள் வைத்த வெடிகுண்டு ராட்னியைக் கொன்றது. வயது 38. அரசுக்கு அதில் பங்கு இருந்தது என்று விசாரணை ஆணையம் சொல்ல 2016 ஆனது. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் ‘வேலையில்லாதவர்’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் பேராசிரியர் என்று மாற்றுவதாக 2021இல்தான் அரசு அறிவித்தது.

படிக்க நினைப்பவர்கள் 1972 நூலிலிருந்து தொடங்காதீர்கள், அது கனமானது. அந்த மெல்லிய பேச்சுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் ஊரில் வெளியாள் நிஜமாகவே போய் உட்கார்ந்து கேள்வி கேட்க முடிகிற கல்லூரிக் கூட்டம் எங்காவது நடந்தால் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ 1965 மிச்சிகன். வியட்நாம் போரை எதிர்த்த ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போனார்கள், எதிர்ப்பு கிளம்பியதும், சரி என்று ராத்திரி முழுக்க வகுப்பு எடுத்தார்கள்.