கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு தமிழ்ப் பாடம்

[திரையில்: கரும்பலகையில் ஒரு கணக்கு]

முருகனிடம் 15 கோலிக்குண்டுகள் இருக்கின்றன. அது மீனாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். அப்படியென்றால் மீனாவிடம் எத்தனை?

நிறையப் பிள்ளைகள் 21 என்று எழுதிவிடுவார்கள். 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கை கூட்டலுக்குப் போய்விடுகிறது. சரியான விடை 9. கழிக்கத் தெரியாமல் வந்த தவறு இல்லை இது. அந்த இரண்டாவது வாக்கியம் புரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கணக்கை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். உடனே சரியாகப் போட்டால், பயிற்சி தேவைப்படுவது வாசிப்பில்.

[திரையில்: பாடப்புத்தகங்கள்]

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 1, 2-ஆம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து சூழ்நிலையியலின் இடத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் வருகின்றன. புத்தகங்கள்தான் தனித்தனி, கற்பது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் நடக்கிறது.

தமிழை எடுத்துக்கொள்வோம். 247 எழுத்து என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் 216 உயிர்மெய். குறியீடுகள் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகளே உருவாக்கிவிடுவார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'கெ' என்று சொல்லும்போது முதலில் கேட்பது 'க்'. எழுதும்போதோ கொம்பு முன்னால் வர வேண்டும். கொம்பைப் பின்னால் போடும் பிள்ளை காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறது. அதைத் திட்டாதீர்கள், தயவுசெய்து.

கணக்கிலும் இதேதான். நூற்றைந்தை எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவார்கள். முதலில் நூறு, அப்புறம் ஐந்து! கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். இங்கே வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பயனில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்குங்கள். ஒரு பெரிய கட்டு, சிறிய கட்டு ஒன்றும் இல்லை, உதிரியாக ஐந்து குச்சி. நடுவில் 0 ஏன் வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இடமதிப்பு புரியாமல் கடன் வாங்கிக் கழிப்பது வெறும் சடங்காகிவிடும்.

[திரையில்: ஈரத்துணியில் முளைவிட்ட பச்சைப்பயறு]

அறிவியலுக்கு இது போதும். ஊறவைத்த பயற்றைத் தினமும் பார்க்க வேண்டும், முளையை ஸ்கேலால் அளக்க வேண்டும், அட்டவணையில் குறிக்க வேண்டும், பார்த்ததை இரண்டு வரி எழுத வேண்டும். அளப்பது கணக்கு, எழுதுவது தமிழ். சமூக அறிவியலில் தெருவுக்கு ஒரு வரைபடம் போடும்போதும் திசையும் தூரமும் சேர்ந்தே வருகின்றன.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்க வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாரும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. வயதை மட்டும் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரே பிள்ளை கணக்கில் மலரிலும் தமிழில் மொட்டிலும் இருக்கலாம். அதனால் அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பாடத்தில் எந்த நிலை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.