மலைப் பள்ளிக்கு டேப்லெட் வந்துவிட்டது, செயலிக்குக் காசு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து ஒரு டீச்சர் அனுப்பியது. மலைக்குள் ஒரு தொடக்கப்பள்ளி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் நல்ல செயலி எது என்று விசாரித்தால் எல்லாரும் வருடச் சந்தா சொல்கிறார்கள், பள்ளியில் அதற்குப் பணம் இல்லை, சிக்னலும் பாறை மேல் ஏறினால்தான் கிடைக்கும், எங்கே தேடுவது, எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்கிறார்.

டீச்சர், இப்போதைக்குக் காசு கொடுத்து ஒன்றும் வாங்காதீர்கள். உங்கள் பள்ளிக்கு விலையை விடப் பெரிய சிக்கல் நெட்தான். அதனால் எந்தச் செயலியை யார் சொன்னாலும், அடுத்த முறை சேலம் இறங்கும்போது வைஃபை இருக்கிற இடத்தில் அதை ஏற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். ஓடினால் உங்களுக்கு ஆகும். சுற்றிக்கொண்டே இருந்தால், அது எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்லை.

இந்தச் சோதனையில் தேறுகிறவற்றில் பல இலவசம்தான், பலருக்கு அது தெரிவதில்லை. கதைக்கு ஸ்டோரிவீவர் என்ற இணையதளம். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைப் புத்தகப் பதிப்பகம் 2015ல் தொடங்கியது, தமிழ்க் கதைகள் படத்தோடு நிறைய இருக்கின்றன, பிடிஎஃப் ஆக இறக்கி மெமரி கார்டில் போட்டுக்கொள்ளலாம், உரிமம் திறந்தது என்பதால் அச்செடுத்துக் கொடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், சத்தமாக ஆடிப்பாடும் செயலிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எண், எழுத்து, வடிவம் என்று சின்னச் சின்ன விளையாட்டு வேண்டுமென்றால் ஜிகாம்ப்ரி இருக்கிறது, விளம்பரமே கிடையாது. ஆங்கிலத்துக்கு கான் அகாடமி கிட்ஸ், 2 முதல் 8 வயது வரை, அதுவும் முழு இலவசம்.

பாடத்துக்கு தீக்ஷா என்ற அரசுச் செயலி. 2018ல் புதிய பாடநூல் வந்ததிலிருந்து புத்தகத்தில் கியூஆர் கோடு அச்சடித்து வருகிறதல்லவா, அதை ஸ்கேன் செய்தால் வரும் வீடியோவைச் செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் பையன்கள் முன்னால் நின்று ஸ்கேன் செய்து நெட்டுக்குத் தவம் கிடக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையே அந்த வாரப் பாடத்தை இறக்கிவிடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023ல் வந்தது, ஆனால் உங்கள் வகுப்புகளுக்கு அதில் பாடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அறிவியலுக்கு ஃபெட் (PhET) என்ற செய்துபார்க்கும் பாடத் தொகுப்பு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் வேலை, நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002ல் தொடங்கினார். மின்சுற்று, தராசு, பின்னம் எல்லாம் விரலால் இழுத்துப் பார்க்கலாம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செயலிக் கடையில் போய்த் தேடினால் சின்னத் தொகை கேட்கும், அதே பாடங்கள் அவர்களுடைய இணையதளத்தில் சும்மா கிடைக்கும், தனித்தனிக் கோப்பாக இறக்கிக்கொண்டால் நெட்டும் வேண்டாம். செயலிக் கடைக்கு வெளியேயும் தேடுங்கள் என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

பள்ளியில் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தால் கோலிப்ரி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை பாடங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, ஒரு சின்ன வைஃபை ரவுட்டர் வைத்தால், எல்லா டேப்லெட்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும், வெளியே இன்டர்நெட் இருக்கிறதா இல்லையா என்று அது கவலைப்படாது. மேலே சொன்ன ஸ்டோரிவீவர், ஃபெட் இரண்டும் அதில் வரும், கான் அகாடமியின் பாடங்களும் வரும், கிட்ஸ் செயலி மட்டும் வராது. முதல்முறை அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், கணினி தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணம் திரட்ட முடிந்தால் அதை மெமரி கார்டு, தடிமனான கவர், நல்ல சார்ஜர் இதற்குச் செலவழியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கோரிக்கையை வையுங்கள், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற நன்கொடைத் திட்டம் வழியாகவும் கேட்கலாம். இதற்குப் பிறகும் ஏதோ ஒரு கட்டணச் செயலிதான் வேண்டும் என்று தோன்றினால், ஒவ்வொரு டேப்லெட்டிலும் தனித்தனியாக வாங்காமல் பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், பள்ளிக்கென்று தனி விலை உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

இதையே கேட்டு சேலத்தில் அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி பக்கமிருந்து பெற்றோரும் எழுதியிருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. இன்ஸ்டால் பட்டன் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்-ஆப் பர்ச்சேசஸ் (செயலிக்குள் காசு கொடுத்து வாங்குவது) என்று இருந்தால், கீழே விவரத்தில் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று விலை போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் இறக்காதீர்கள். ஏழு நாள் இலவசம் என்று சொல்லி ஆட்டோபே வாங்கிக்கொள்வார்கள். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள், நிற்காது, பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். தானாகப் பணம் எடுக்கும் வசதியைத் தவிருங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது.

டீச்சர், உங்கள் டேப்லெட் எந்த மாடல், உள்ளே எத்தனை ஜிபி, கார்டு போட இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், எதை முதலில் ஏற்றலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.