அடுத்த அடி எங்கே விழும்?

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. சரி, முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு நாய் இத்தனை வருடமாக உங்களோடு சேர்ந்து பாட்டு கேட்கிறதே, ஒரு நாளாவது தாளத்துக்கு வாலை ஆட்டியிருக்கிறதா? ஆட்டும், ஆனால் உங்களைப் பார்த்துத்தான்!

ஆனால் அமெரிக்காவில் ஸ்னோபால் என்று ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி, காக்கட்டூ இனம், பாட்டு போட்டால் தலையை ஆட்டி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும். பக்கத்தில் ஆடுகிற ஆளைப் பார்த்து ஆடுகிறதோ என்று சந்தேகம் வருமல்லவா? அனிருத் படேலும் மற்ற ஆய்வாளர்களும் அதே பாட்டை வேகம் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்த்தார்கள். எப்போதும் இல்லை, ஆனால் பல தடவை அது தன் ஆட்டத்தை அந்த வேகத்துக்கு மாற்றிக்கொண்டது. இது 2009இல் வெளிவந்தது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லப் பழகும் உயிர்களுக்கு மூளையில் காதுக்கும் அசைவுக்கும் நெருக்கமான இணைப்பு உண்டு, தாளம் அதன் உபரி வரவு என்பது படேலின் கணிப்பு. அழகான கணிப்புதான். ஆனால் 2013இல் ரோனன் என்ற கடல்சிங்கம் வந்து குழப்பிவிட்டது. குரலைப் பழகுவதில் பெயர் வாங்காத இனம், பயிற்சி கொடுத்ததும் தாளத்துக்குத் துல்லியமாகத் தலையாட்டியது.

டார்வின் 1871இலேயே, இசை துணையைக் கவரப் பிறந்தது என்றார். எனக்கு அது பாதிதான் ஒப்பும். அப்படியானால் தாலாட்டு எதற்கு? பிறந்து இரண்டு மூன்று நாளான சிசுக்கள் தூங்கும்போது தாளத்தைக் கேட்கவிட்டு, முதல் அடியை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். மூளை அலையில் அந்தக் குறை பதிவானது. அதாவது, அங்கே ஓர் அடி விழும் என்று அந்த மூளை எதிர்பார்த்திருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எதிர்பார்ப்புதான். 2011இல் மான்ட்ரியலில், தங்களுக்குப் புல்லரிக்கும் இசையை ஆட்களையே கொண்டுவரச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். புல்லரிக்கும் கணத்தில் டோபமைன், அதாவது இன்பத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள், சுரந்தது, அதில் ஆச்சரியமில்லை. அதற்குச் சில நொடி முன்பே, மூளையின் வேறொரு பகுதியில், அது சுரக்கத் தொடங்கியிருந்தது. கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் நேரம், மிருதங்கக்காரர் முடிவுக்கான தாளக்கட்டை, அதாவது கோர்வையை, மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருக்கிறார், பாட்டு மறுபடி தொடங்கும் இடமான எடுப்பு இன்னும் வரவில்லை, உங்கள் கை அதற்குள் தொடைக்கு மேலே காத்திருக்கிறதே, அந்த நொடி!