தலைக்குள் சீழ்

நேயர்களுக்கு வணக்கம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் சீழை வாங்கி, அதில் எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மூளையில் சீழ்க்கட்டி என்றதும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "மண்டையத் துளைக்காம மருந்துலயே கரைச்சிர முடியாதா?"

சின்னதாக இருந்தால் முடியும். சுமார் 2.5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாலோ, மூளையை நெருக்கினாலோ சீழை எடுத்தாக வேண்டும். நம் பக்கத்து நுங்கைப் போல, முற்றிய கட்டிக்கும் சுற்றிலும் ஓர் உறை உண்டு. மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. அதனால் மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு, ஸ்கேன் காட்டும் இடத்துக்கு ஊசியை விட்டு உறிஞ்சுவார்கள். சிறுமூளையில் இருந்தால், உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருந்தால், திறந்து உறையோடு எடுப்பதும் உண்டு. கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற சர்ஜன் மூளைச் சீழ்க்கட்டிக்கு 19 பேருக்கு ஆபரேஷன் செய்து 18 பேரைப் பிழைக்க வைத்ததாக 1893-இல் எழுதினார். ஸ்கேனும் கிடையாது, ஆன்டிபயாட்டிக்கும் கிடையாது அப்போது!

சீழை உறிஞ்சும் ஊசி நெருக்கத்தைக் குறைப்பதோடு, கிருமியையும் பிடித்துத் தருகிறது. ஆனால் சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பினால் எனக்குக் கோபம் வந்துவிடும். சிரிஞ்சிலேயே, காற்றை வெளியேற்றி, மூடி, உடனே அனுப்ப வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. காற்றுப் பட்டாலே சாகிற கிருமிகள் இந்தக் கட்டிகளில் நிறைய. கிருமிக்கு நிறமேற்றும் கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்றைக்கே ஒரு துப்புக் கிடைக்கும்; கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு நாட்கள் ஆகும். பல், சைனஸ் வழியாக வந்ததென்றால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. தலைக்காயம் என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ். காசநோய்க் கிருமிக்கும் பூஞ்சைக்கும் தனியாகப் பார்ப்போம்.

நோயாளி நல்ல நினைவோடு இருந்து, சீக்கிரமே சீழ் எடுக்க முடியும் என்றால் அதுவரை ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடுவதுண்டு. "வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு ஊசிகூடப் போடலையே" என்று சண்டைக்கு வருவார்கள். முன்னாலேயே மருந்து உள்ளே போனால் கல்ச்சரில் ஒன்றுமே வளராமல் போகலாம். நிலைமை மோசம் என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வரும் மாத்திரைதான் எனக்குத் தலைவலி.

அப்புறம், காது. ஆற்றுத் தண்ணீர் போயிருச்சு, குற்றாலத்துத் தண்ணீர் போயிருச்சு என்று சொல்லி, காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் காது ஒழுக விடுகிறோம். காதுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய எலும்புதான்; காதுச் சீழில் உள்ள கிருமி அதைத் தாண்டி மூளைக்குப் போய்விடலாம். காது ஒழுகுகிறவருக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். காய்ச்சல் இல்லையே என்று இருக்காதீர்கள்; பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை.

மருந்து வழக்கமாக 6 முதல் 8 வாரம். தலைவலி அதற்கு முன்பே விட்டுவிடும். ஊரில் கோயில் கொடை என்று கிளம்பப் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டர் சொன்ன பிறகே மருந்தை நிறுத்தலாம். காதையும் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி திரும்ப வரலாம். நன்றி, வணக்கம்.