வாகனத்தின் பெயர் எழுத்துகளைக் கழற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் காரின் பின்பக்கத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நடுவில் தயாரித்த நிறுவனத்தின் சின்னம். ஒரு பக்கம் காரின் பெயர். மறுபக்கம் அது என்ன ரகம் என்று சொல்லும் இரண்டு மூன்று எழுத்துகள். எவ்வளவு கழுவினாலும் அந்த எழுத்துகளின் இடுக்கில் அழுக்கு தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டால் மீதி எழுத்துகள் பல் விழுந்த வாய் போல நிற்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. தோன்றிய வேகத்தில் கத்தியையோ திருப்புளியையோ கையில் எடுத்தவர்களின் வண்டிகளைத்தான் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். வண்டிகளுக்கு வண்ணம் பூசுவது என் தொழில்.

கத்தி ஏன் கூடாது என்பது அந்த வண்ணம் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் விளங்கும். தொழிற்சாலையில் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். இத்தனை அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். நீங்கள் எழுதும் சாதாரணக் காகிதம் ஏறத்தாழ 100 மைக்ரான் கனம். ஒரு தாள், மிஞ்சினால் ஒன்றரைத் தாள். அவ்வளவுதான் தகட்டுக்கும் மழைக்கும் நடுவில் இருக்கிறது.

முள்ளில் விழுந்த சேலையை மெதுவாகத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். இன்று நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் அந்தச் சேலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எழுத்துகள் எதனால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன? பெரும்பாலும் இரு பக்கமும் பசை உள்ள, நடுவில் மெல்லிய நுரைப்பஞ்சு வைத்த ஒட்டுநாடா. நேராகப் பிடித்து இழுத்தால் அது எளிதில் விடாது. சூடு பட்டால் இளகிவிடும். நுரைப்பஞ்சைப் பக்கவாட்டில் அறுத்தாலும் விட்டுவிடும். ஆகவே இழுப்பது கூடாது. சூடாக்க வேண்டும், அறுக்க வேண்டும்.

முதலில் அந்த இடத்தை நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும், அறுக்கும்போது அது நரம்போடு சேர்ந்து ஓடிக் கீறிவிடும். பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியால் ஓரிரு நிமிடம் சூடு காட்டுங்கள். ஒரே இடத்தில் பிடிக்காமல் கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டில் உள்ளங்கையை வைத்தால் சுடுகிறதே என்று தோன்ற வேண்டும். கையை வைக்கவே முடியாத சூடு வேண்டாம். அடுத்து தூண்டில் நரம்பு ஒரு முழம் எடுத்து, இரண்டு கைவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னுமாக இழுங்கள். நரம்பு வண்டியின் மேல் அழுந்தாமல் எழுத்தின் முதுகை ஒட்டியே ஓடட்டும். கடினமாக இருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள். முள்ளில் விழுந்த சேலை.

ஓர் எச்சரிக்கை. சில சின்னங்களுக்குப் பின்னால் சிறிய முளைகள் இருக்கும். அவை தகட்டில் உள்ள துளைகளுக்குள் செருகியிருக்கும். நரம்பு பாதியில் எதிலாவது இடித்து நின்றால் அங்கே முளை இருக்கிறது என்று பொருள். அந்தச் சின்னத்தை எடுத்தால் துளை தெரியும். துளை வழியாகத் தண்ணீர் போகும். தகட்டை ஒட்டுப்போட்டு மூடி வண்ணம் பூசுகிற எண்ணம் இல்லாதவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

எழுத்துகளைத் திரும்ப ஒட்டப் போகிறீர்கள் என்றால், கழற்றும் முன்பே அவற்றின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் ஒட்டி மாஸ்கிங் டேப் என்ற காகித ஒட்டுநாடாவை ஒட்டிக் குறித்துவையுங்கள். இந்த மாஸ்கிங் டேப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இது பிறந்ததே வண்டி வண்ணத்தைக் காப்பாற்றத்தான்.

1920களின் தொடக்கம். அமெரிக்காவில் செயின்ட் பால் நகரம். த்ரீஎம் நிறுவனத்தில் ரிச்சர்ட் துரூ என்ற இளைஞர் வேலை பார்த்தார். அந்த நிறுவனம் அப்போது உப்புத்தாள் செய்துகொண்டிருந்தது. தண்ணீர் விட்டுத் தேய்க்கக்கூடிய புதிய உப்புத்தாளைச் சோதித்துப் பார்ப்பதற்காக அவர் ஒரு வண்டிப் பட்டறைக்குப் போனார். ஒரே காருக்கு இரண்டு நிறம் அடிப்பது அப்போது நாகரிகம். ஒரு நிறத்தை மூடிவைத்து மறு நிறத்தை அடித்த தொழிலாளி, மூடியிருந்த ஒட்டுநாடாவைப் பிய்த்தபோது அதோடு வண்ணமும் உரிந்து வந்தது. அந்த மனிதர் கோபத்தில் திட்டித் தீர்த்தார். துரூ உப்புத்தாள் விற்கும் நிறுவனத்தின் ஆள்; ஒட்டுநாடா அவருடைய வேலை இல்லை. இருந்தும், வண்ணத்தை உரிக்காத நாடாவை நான் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பசை பிடிக்கவும் வேண்டும், கேட்டபோது விடவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர அவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. 1925-ல், சுருக்கம் விழுந்த காகிதத்தில் அந்த நாடா வந்தது. வளைவுகளில் அது இழுபட்டுப் படிவதற்கு அந்தச் சுருக்கமே காரணம். அடுத்த முறை அதைத் தொடும்போது விரலால் தடவிப் பாருங்கள்.

நான் இந்தக் கதையைப் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்கிறேன். வண்ணம் உரிகிறதைப் பார்த்து ஒருவர் மனம் பொறுக்காமல் போனாரே, அந்தப் பொறுக்காமை இந்தத் தொழிலுக்கு வேண்டும்.

எனக்கும் ஒரு முறை வண்ணம் உரிந்து வந்தது. தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்கள். பார்ப்பதற்குப் புதியது போலிருந்த ஒரு வண்டியில் பின்கதவு எழுத்துகளை எடுத்தேன். சூடும் காட்டினேன், நரம்பும் விட்டேன். கடைசி எழுத்து எளிதாகத்தான் வந்தது. நாணயம் அளவுக்கு வண்ணமும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே, பள்ளத்தை நிரப்பப் பூசும் சாம்பல் நிறப் பட்டி தெரிந்தது. எப்போதோ இடிபட்டு, சரியாகத் தேய்க்காமல் மறுபூச்சு அடித்த கதவு அது. உரிமையாளருக்கே அது தெரியாது. முழுக் கதவையும் உரித்துப் புதிதாக அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து, தொடுவதற்கு முன் கதவின் ஓரத்து ரப்பரைப் பார்க்கிறேன். ரப்பரில் வண்ணத் தூசி படிந்திருந்தால், மடிப்பில் நாடா ஒட்டிய கோடு தெரிந்தால், அது மறுபூச்சு. அங்கே பொறுமை இரண்டு மடங்கு வேண்டும்.

எழுத்து போன பிறகு பசை நிற்கும். அதையும் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கட்டைவிரலால் உருட்டினால் திரண்டு வரும். மீதிக்குப் பசை நீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, பசை மேல் சில நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதித்துவிடுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். மறுபூச்சு அடித்த இடமாக இருந்தால் அது வண்ணத்தையே கரைத்துவிடும்.

இவ்வளவும் முடிந்து பார்த்தால், எழுத்து இருந்த இடத்தில் அதே எழுத்து நிழலாகத் தெரியும். பலர் அப்போது பயந்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள வண்ணம் வெயிலில் மங்கியிருக்கிறது, எழுத்துக்கு அடியில் இருந்தது வெயிலே காணாமல் இருந்திருக்கிறது. சிவப்பில் இது அதிகம் தெரியும். சுற்றியுள்ள மங்கலை பாலிஷ் போட்டு எடுத்தால் வேற்றுமை குறையும். பழைய வண்டியில் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். பாலிஷ் என்பது கிளியர் கோட்டை ஓரிரு மைக்ரான் தேய்த்து எடுப்பது. கிளியர் கோட்டின் கனம் 40, 50 மைக்ரான்தான். எனவே நிழல் போகும் வரை விடமாட்டேன் என்று தேய்க்கக் கூடாது.

கீறல் விழுந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது, பாலிஷில் போகலாம். அடுத்து நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் ஆழமான கீறல். பாலிஷால் பயன் இல்லை. கீறலுக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளபளவென்று தகடு தெரிந்தால் அன்றைக்கே கவனியுங்கள். மழைக்காலம் வருமுன் என்று ஒத்திப்போட வேண்டாம்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கதவுகளின் பக்கவாட்டில் ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிப்பில் நிற்கும் பட்டையைக் குளிர்ந்த காலையில் கழற்றாதீர்கள், கிளிப் ஒடிந்துவிடும். பட்டைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருக்கலாம். எடுத்தவுடன் அங்கே பாருங்கள்.

தகடு தெரியும் கீறலுக்கு: துரு இருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிரைமர் ஒரு பொட்டு. அது காய்ந்த பிறகு, வண்டியின் நிற எண்ணைச் சொல்லி வாங்கிய வண்ணத்தைப் பல்குச்சி முனையால் வையுங்கள். அந்த எண் பெரும்பாலும் கதவு நிலையிலோ எஞ்சின் மூடிக்குக் கீழேயோ ஒரு தகட்டில் இருக்கும். ஒரே தடவையில் நிரப்பாமல், காயவிட்டுக் காயவிட்டு மெல்லிய அடுக்குகளாக வையுங்கள். கடைசியில் கிளியர். சுற்றியுள்ள வண்ணத்தைவிட இம்மியளவு மேடாக நிற்கட்டும். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு 2000 எண் கொண்ட மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்த மேட்டை மட்டும் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கி, பாலிஷ் போடுங்கள். அந்த உப்புத்தாள், துரூ சோதிக்க எடுத்துப் போனாரே, அதே வகையைச் சேர்ந்தது. மெழுகை மட்டும் உடனே பூச வேண்டாம், ஒரு மாதமாவது போகட்டும். நன்றி, வணக்கம்.