கணக்கர் ஒளித்து வைத்த காகிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் தலைநகர் என்ஜமீனாவில் பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1980-களில் அதற்குக் கான்கிரீட் கூரை போட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கினார்கள். காற்று வராது. வெயிலில் அடுப்பாகக் காயும். அதிபர் ஹிசென் ஹாப்ரேயின் ரகசியப் போலீஸ், ஆட்களைக் கொண்டுவந்து அடைத்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஹாப்ரே 1982 முதல் 1990 வரை ஆண்டார். லிபியாவின் கடாபிக்கு எதிரி என்பதால் அமெரிக்காவும் பிரான்சும் அவரைத் தாங்கிப் பிடித்தன. அவர் ஆட்சியில் 40,000 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று பின்னர் சாட் விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. ஆட்சி கவிழ்ந்ததும் செனகலுக்கு ஓடி, டக்கார் நகரில் நிம்மதியாகக் குடியிருந்தார்.

சுலேமான் கெங்கெங் ஒரு கணக்கர். இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தவர். உடனிருந்தவர்கள் செத்து விழுவதைப் பார்த்து, உயிரோடு வெளியே போனால் இதற்கு நியாயம் கேட்பேன் என்று சத்தியம் செய்துகொண்டார். விடுதலையானபின் வீடு வீடாகப் போய், பாதிக்கப்பட்ட 792 பேரின் வாக்குமூலங்களைச் சக கைதிகளோடு சேர்ந்து எழுதினார். ஹாப்ரேயின் பழைய ஆட்கள் இன்னும் பதவியில் இருந்த காலம் அது. காகிதங்களை வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காத்திருந்தார்.

1998-ல் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானார். அதைக் கண்டு தெம்பு வந்தது. 2000 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்கள் டக்காரில் ஹாப்ரே மீது புகார் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்களும் சான்றாயின.

சித்திரவதை செய்தவர் தன் மண்ணில் இருந்தால், ஒன்று விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை சொல்வது இதுதான். செனகல் 1986-லேயே அதை ஏற்றிருந்தது. ஆனாலும் வெளிநாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்க உள்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை என்று நீதிமன்றங்கள் கைவிரித்தன. கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை பதினான்கு ஆண்டு கழித்தும் முழுதாகச் சட்டமாகவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

2001-ல் என்ஜமீனாவில் கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் தலைமையகத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் தரையில் குவிந்து கிடந்தன. யார் பிடிபட்டார், யார் காவலில் செத்தார் என்று ரகசியப் போலீஸாரே எழுதி வைத்திருந்தார்கள். 1,208 பேரின் மரணம் அதில் பதிவாகியிருந்தது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டோருக்காக நின்ற வழக்கறிஞர் ஜாக்லின் முதெய்னா மீது கையெறி குண்டு வீசினார்கள். காலில் காயம்பட்டும் அவர் வழக்கை விடவில்லை.

ஹாப்ரேயை விசாரிக்கத் தன்னிடம் ஒப்படைக்கும்படி பெல்ஜியம் கேட்டது, செனகல் தரவில்லை. 2012-ல் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம், தாமதிக்காமல் விசாரி, இல்லையேல் ஒப்படை என்று தீர்ப்புச் சொன்னது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு உடன்பட்டு செனகல் ஒரு தனி நீதிமன்றம் அமைத்தது. 2015 ஜூலையில் விசாரணை தொடங்கியது. ஹாப்ரே வர மறுத்தபோது காவலர்கள் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. கேள்விகளுக்குப் பதிலே கிடையாது. அவர் எதிரில் நின்று சாட்சி சொன்னவர்களில், பாலைவன ராணுவ முகாமுக்கு அனுப்பப்பட்டுப் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வெளியே சொல்லாததை அங்கே சொன்னார்கள்.

2016 மே 30: ஆயுள் தண்டனை. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. 2021-ல் தண்டனைக் காலத்திலேயே ஹாப்ரே இறந்தார்.

பாதிக்கப்பட்ட 7,396 பேருக்கு சாட் நாட்டு நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கில் 82 பில்லியனுக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இருந்தது. ஆண்டுகள் ஓடின, பணம் வரவில்லை. 2024-ல்தான் சாட் அரசு ஒரு சிறு பங்கைக் கொடுக்கத் தொடங்கியது. அதற்குள் காத்திருந்தவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

வணக்கம்.